இருபத்தாறு

சன்னலை மூடப் போன சுன்னிவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் நர்ஸ் கூட்ரூன்.

"மூடாதம்மா. உயிர் போறதுக்கு வழி வேணும்ல? டாக்டர் வர்ற வரைக்கும் திறந்தே கிடக்கட்டும்."

நோர்வேயின் மேற்குக் கரையில் அக்டோபர் காற்று கடலிலிருந்து நேராகக் கட்டிலுக்கே வரும். அப்பா தோர்லைவுக்கு இனிக் குளிராது என்று தெரிந்தும் சுன்னிவா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். காலை எட்டு மணிக்குக் காபிக் கோப்பையை வாங்கக் கை நீட்டியவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

படகுத்துறையிலிருந்து தம்பி ஓஸ்மண்ட் போனில் கேட்டான்: "போகும்போதாவது அலையை விட்டாரா மனுஷன்?"

"எங்கடா விட்டார்? நேத்துகூட இருபத்தாறு மீட்டர்."

தம்பி சிரித்தான், பிறகு அழுதான். அவளும்தான்.

தோர்லைவ் நாற்பது வருடம் வட கடலின் அலைகளை அளந்தவர். கடலில் மிதக்கும் கருவிகள் அனுப்பும் அலை உயரங்களில் ஏதாவது ஒன்று அக்கம்பக்கத்து அலைகளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால், சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் ‘கருவிக் கோளாறு’ என்று எழுதுவார். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான். கடலுக்கு அவ்வளவு திமிர் இருக்காது என்று நம்பினார்கள். மகள் சுன்னிவாவும் அதே துறைக்கு வந்தாள். அப்பா அடித்தவற்றையே தோண்டியெடுத்து, பாதிக்கு மேல் நிஜ அலைகள்தான் என்று நிரூபித்தாள். அடித்த எண் மறுபடியும் செல்லும் என்பதற்கு அதன் அடியில் புள்ளிகள் வைப்பது அங்கே வழக்கம். மகள் வைத்த புள்ளிகளைப் பார்த்துவிட்டு அப்பா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு மறதி நோய் வந்து, அந்தச் சண்டையையும் மகள் பெயரையும் சேர்த்தே துடைத்துக்கொண்டு போய்விட்டது. எண்கள் மட்டும் மிஞ்சின.

நேற்று மதியம் வழக்கமான வலித் தாளோடு வந்த கூட்ரூன் அவர் காதருகே குனிந்தாள். "தோர்லைவ், வலி எவ்வளவு? ஒண்ணுமில்லைன்னா பூஜ்யம், தாங்க முடியலைன்னா பத்து."

வயிற்றின்மேல் கை வைத்திருந்தார். "இருபத்தாறு" என்றார், தெளிவாக.

எழுதிவிட்டுத்தான் கூட்ரூன் விழித்தாள். "பத்துக்கு மேல கிடையாதுங்க."

"இருபத்தாறு."

சுன்னிவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அலை உயரம் சொல்றார். அடிச்சிருங்க கூட்ரூன்."

கூட்ரூன் அடித்தாள். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள் அப்பத்தை அவர் தொடவே இல்லை. வீணாகப் போகிறதே என்று சுன்னிவாவே அதைத் தின்றாள்.

இன்று பத்து மணிக்கு வந்த இளம் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"உள்ளே பெரிய ரத்தக்குழாய் வெடிச்சிருக்கணும். ஒருநாள் முன்னாடியே கசிய ஆரம்பிச்சிருக்கும். பயங்கரமா வலிச்சிருக்குமே, ஒண்ணும் சொல்லலையா?"

நேற்று தான் தின்ற வாஃபிளின் தட்டு இன்னும் மேசையில் கிடந்ததைச் சுன்னிவா பார்த்தாள்.

"மறதிக்காரர், டாக்டர்" என்று கூட்ரூன் முந்திக்கொண்டாள். "என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாம ஏதாவது சொல்வார்."

சுன்னிவாவைக் காப்பாற்றத்தான் சொன்னாள், தன்னையும் சேர்த்து. டாக்டர் தலையாட்டிவிட்டுப் பேனாவை மூடினாள். பேசாமல் இருந்தால் அத்தோடு முடிந்துவிடும். தம்பிக்குக்கூடத் தெரியப்போவதில்லை.

"சொன்னார்" என்றாள் சுன்னிவா. "இருபத்தாறுன்னார். ரெண்டு தடவை."

"எத்தனைக்கு?"

"பத்துக்கு."

டாக்டர் பேனாவை மறுபடியும் திறந்தாள்.

"நேத்தே கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பாரா?"

"அது தெரியாதுங்க. வலியை நிறுத்தியிருக்கலாம்."

சுன்னிவா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உலகத்துக்கெல்லாம் அடிக்காதே என்று சொன்ன வாயால், பெற்ற அப்பாவை அடிக்கச் சொல்லிவிட்டோமே என்று நினைத்தாள்.

"கூட்ரூன், அந்தத் தாளைக் கொடுங்க."

"வேண்டாம், விடும்மா. இனிமே என்ன ஆகப்போகுது?"

"கொடுங்க."

எண்ணின்மேல் கோடு நேராக, சுத்தமாக இருந்தது. சன்னல் காற்றில் தாள் படபடத்தது. கூட்ரூன் வந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். சுன்னிவா அதைக் கட்டில் விளிம்பில் வைத்து, டாக்டரிடம் பேனாவை வாங்கி, இருபத்தாறின் அடியில் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு இன்னொன்று.