துருத்தி ராஜாவின் மூச்சு

இசைத்தட்டு வெளியீட்டைப் படகில் வைத்துக்கொள்ளலாம் என்றது ஃபென்விக்தான். கம்பெனியில் விளம்பரம் அவன் பொறுப்பு. போன தடவை லண்டனில் ஒரு மண்டபத்தில் விருந்து வைத்தபோது, பத்திரிகை விமர்சகர்கள் கோழியைத் தின்று, பியரைக் குடித்து, தட்டின் முதல் பக்கம் முடிவதற்குள் கம்பி நீட்டிவிட்டார்கள். மறுவாரம் கேட்காத பாட்டையெல்லாம் கேட்டதுபோல் திட்டி எழுதினார்கள். படகென்றால் எங்கே போவார்கள்? தேம்ஸில் குதித்தால்தான் உண்டு. ஃபென்விக் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

டெஸ்மண்ட் டில்லியும் சிரித்தான். தன்னாலும் அந்தப் படகிலிருந்து இறங்க முடியாது என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

'தார்ன்பி ஃபேர்' என்ற அந்த நால்வர் குழுவில் கீபோர்டு அவன். பாட்டுக் கட்டுவதும் அவன்தான். 1973-ல் இங்கிலாந்தில் கீபோர்டு வாசித்த எல்லோரையும்போல அவனும் மேடையில் பாதிரியார் மாதிரி ஓர் அங்கியைப் போட்டுக்கொண்டு, நாலு பெட்டிகளுக்கு நடுவே நின்று கைகளை விரிப்பான். இரண்டு பக்கமும் ஒரே கதையாக அவன் கட்டிய தட்டுதான் 'துருத்தி ராஜா'. ராஜாவுக்குச் சொந்த மூச்சு கிடையாது. ஊர் ஜனம் முறை வைத்து ஒரு பெரிய துருத்தியை மிதிக்கும். அந்தக் காற்றில்தான் அவன் உயிர் ஓடும். ஒருநாள் ஜனம் மிதிப்பதை நிறுத்திவிடுகிறது. கேட்டவர்கள் இது தொழிற்சங்கத்தைப் பற்றியது என்றார்கள், முடியாட்சியைப் பற்றியது என்றார்கள். டெஸ்மண்ட் இரண்டுக்கும் தலையாட்டினான்.

இரண்டுமில்லை. அது ராட்னியைப் பற்றியது. டெஸ்மண்டின் தம்பி. சொந்த ஊரான கெட்டரிங்கில் போலியோ வந்த கோடையில் அவனை ஓர் இரும்புப் பீப்பாய்க்குள் படுக்க வைத்தார்கள். தலை மட்டும் வெளியே, பீப்பாய் அவனுக்காக மூச்சு விட்டது. வார்டுக்குள் சிறுவர்களை விடமாட்டார்கள். ஜன்னலோ உயரம். டெஸ்மண்ட் ஒரு நண்பனின் முதுகில் ஏறி நின்றுதான் தம்பியைப் பார்ப்பான். கீழே குனிந்து நின்ற அந்த முதுகுக்குச் சொந்தக்காரன் ஹோவர்ட் பெக். இன்று குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற அதே ஹோவர்ட். இலையுதிர் காலம் வருவதற்குள் ராட்னி போய்விட்டான்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒன்பது நிமிடத்துக்குப் பாட்டே இல்லை. பழைய ஹார்மோனியம் ஒன்றில் கட்டையை அழுத்தாமல் துருத்தியை மட்டும் இழுத்து இழுத்து டெஸ்மண்ட் பதிவு செய்த மூச்சு. உள்ளே, வெளியே. அதன்மேல் மெல்லப் படர்ந்து அடங்கும் ஒற்றை ஆர்கன் சுரம். அதைத்தான் அவன் தட்டு என்று நினைத்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் போட்ட வேலி.

தட்டு அச்சாகுமுன் மாதிரித் தட்டு ஒன்று வரும். அதைக் கேட்டுச் சரி என்றால்தான் ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். டெஸ்மண்ட் மாதிரித் தட்டைக் கேட்கவே மாட்டான். கேட்டால் எல்லாமே தப்பாகத் தோன்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வான் என்று அவனுக்கே தெரியும். அதனால் எல்லாத் தட்டுக்கும் ஹோவர்ட்தான் கேட்டுச் சரி சொல்வது. "உன் காது என் காதுடா" என்று இந்த முறையும் டெஸ்மண்ட் உறையைப் பிரிக்காமலே அவன் கையில் கொடுத்தான். நம்பிக்கைக்கு ஒரு அளவு வேண்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

படகுக்கு டெஸ்மண்ட் தன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தான். வினிஃப்ரெட் அம்மாள் நீலத் தொப்பி வைத்துக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மகனுடைய பாட்டு எதையும் அவள் இதுவரை முழுசாகக் கேட்டதில்லை, இரைச்சல் என்பாள். இந்தத் தட்டில் ராட்னி இருக்கிறான் என்று அவன் சொன்ன பிறகுதான் ரயில் ஏறினாள்.

முதல் பக்கம் நன்றாகவே போயிற்று. விமர்சகர்கள் இறால் சாண்ட்விச்சை மென்றுகொண்டே தலையாட்டினார்கள். இரண்டாம் பக்கம் ஆரம்பித்ததும் டெஸ்மண்ட் அம்மாவின் தோளில் கைவைத்து, இப்போது வரும் என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜனம் துருத்தியை விட்டு இறங்கும் கட்டம். முரசு நின்றது. கிட்டார் நின்றது. டெஸ்மண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த நொடி நான்கு பேரும் சேர்ந்து இடிக்கும் கடைசிப் பகுதி வெடித்தது.

ஊசி தாவிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். எழுந்து தட்டுப் பெட்டியைப் பார்த்தான். ஊசி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஹோவர்டைப் பார்த்தான். ஹோவர்ட் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குமேல் யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பின்பக்கக் கம்பியோரம் அவனைத் தள்ளிக்கொண்டு போனான் டெஸ்மண்ட். அடித்துவிடத்தான் போனான். கை எழவில்லை.

"யாரு வெட்டினா?"

"நான்தான்."

"ஃபென்விக் சொன்னானா?"

"ஒரு மாசமா சொல்றான். ரேடியோக்காரன் தொடவே மாட்டான், கடைக்காரன் திருப்பி அனுப்புவான்னு. இந்தத் தட்டும் ஓடலேன்னா கம்பெனி நம்மளக் கழட்டி விட்டுரும்டா. குழுவுல மத்த ரெண்டு பசங்களுக்கும் இது தெரியும்."

அப்படியானால் குழுவில் தெரியாதவன் தான் ஒருவன்தான். கூட இருந்தே குழி பறித்திருக்கிறார்கள். அதுவும் மூன்று பேரும் முறை வைத்து.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா மாட்டேம்பே."

"அது ராட்னிடா, ஹோவர்ட்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா செஞ்சே?"

ஹோவர்ட் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தான். "தெரிஞ்சதாலதான் டேப்ப வெட்டற பிளேட நான் எடுத்தேன். வேற எவன் கையிலயாச்சும் குடுத்திருந்தா பாதி மூச்சுல வெட்டியிருப்பான். நான் முதல் மூச்சுக்கு முன்னாடி ஒண்ணு, கடைசி மூச்சு முழுசா வெளிய வந்தப்புறம் ஒண்ணுன்னுதான் வெட்டினேன்."

திருடன் வீட்டைத் துடைத்துக்கொண்டு போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனேன் என்றால் என்ன சொல்வது? அதைவிட மோசம், ஹோவர்ட் அதை நிஜமாகவே ஒரு மரியாதை என்று நினைத்துச் சொன்னான். அது அவன் கண்ணில் தெரிந்தது.

உள்ளே கைதட்டல் கேட்டது. தட்டு முடிந்துவிட்டது. மரியாதைக்குத் தட்டிய கை இல்லை, மனதாரத் தட்டியது. வாரப் பத்திரிகை ஒன்றின் கில்கிறிஸ்ட், எதையும் லேசில் பாராட்டாத மனிதர், சாண்ட்விச் தட்டோடு தேடி வந்து டெஸ்மண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த வகைக் குழுக்களெல்லாம் நடுவில் ஜவ்வாய் இழுத்துக் கழுத்தை அறுப்பார்கள், இவன் மட்டும் அடக்கம் தெரிந்தவன் என்றார். "அந்த முரசு நின்ன இடம் இருக்கே தம்பி, அங்கேர்ந்து நேரா அடிச்சே பாரு, அதுதான்யா தைரியம்" என்றார். இந்த வருஷத்தின் தட்டு என்றே எழுதப்போவதாகவும் சொன்னார்.

டெஸ்மண்ட் நன்றி என்றான். வாய் தானாகச் சொன்னது. இதற்கு முன் வந்த இரண்டு தட்டையும் இதே மனிதர் நார் நாராகக் கிழித்திருந்தார். அந்தப் பக்கங்களை டெஸ்மண்ட் மனப்பாடமாகவே ஒப்பிப்பான். இந்த மூன்று வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பான். வந்து சேர்ந்தபோது அது ஹோவர்டின் பிளேடுக்கு வந்தது.

ஃபென்விக் ஒலிவாங்கியை நீட்டி, கட்டியவன் வாயால் நாலு வார்த்தை என்றான். சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்டது என் தட்டு இல்லை, என் தம்பியை நடுவில் பிடுங்கி எறிந்துவிட்டார்கள் என்று அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். எழுத வந்தவர்கள் அத்தனை பேரும் பேனாவோடு இருந்தார்கள், ஓடவும் முடியாது. டெஸ்மண்ட் ஒலிவாங்கியை வாங்கினான். மலர்ந்திருந்த முகங்களைப் பார்த்தான். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக என் குழுவுக்கு என்றான். மறுபடியும் கைதட்டினார்கள். ஹோவர்டும் தட்டினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் போனான். அவள் அதே நாற்காலியில் அப்படியே இருந்தாள். தொப்பி கொஞ்சம் சரிந்திருந்தது. மகனைக் கண்டதும் தப்பு செய்த பிள்ளைபோல் முகம் சிறுத்துப்போயிற்று. அவன் கையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள்.

"டெஸ், கோச்சுக்காதப்பா. காலையில சீக்கிரம் எழுந்த அலுப்பு. கண்ண மூடினேனா, அப்படியே அசந்துட்டேன் போலருக்கு. ராட்னி வந்தத நான் கேக்காம விட்டுட்டேன்." கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். "வந்தான்ல? நல்லா வந்தான்ல?"

கில்கிறிஸ்ட் இரண்டடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்தாம்மா" என்றான் டெஸ்மண்ட். "நீதான் தூங்கிட்டே."