மணல்மேட்டில் கொட்டிய அரிசி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் லூர்துமேரி, மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமப்பவள். போர், அகதி, கண்ணீர் என்று கனமாக ஒன்று எழுதும் ஆசையில் பேனாவும் கையுமாகப் போயிருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. என் கனமெல்லாம் போச்சு.

2

முதல் தொடக்கம்: 2006 ஆகஸ்ட். இலங்கையின் மூதூரில் குண்டுகள் விழுந்தபோது இங்கே கடல்...

(வேண்டாம். கடல் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.)

இரண்டாம் தொடக்கம்: உப்பளத்துக்குப் பக்கத்தில், சவுக்குத்தோப்பில் ஓர் அகதி முகாம். அங்கிருந்து உப்பு சுமக்க வந்த தவராணி, லூர்துமேரிக்கு உயிர்த்தோழி. தவராணியின் தங்கை கலா மூதூரிலிருந்து படகேறியதாகச் சேதி வந்தது. கரை சேர்ந்தாளா என்று, படகில் வருபவர்களை முதலில் வைக்கும் மண்டபம் முகாமுக்குப் போய்த்தான் பார்க்கவேண்டும். அனுமதி கேட்டாள், கிடைக்கவில்லை. சொல்லாமல் போனால், தலை எண்ணும் நாளில் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் அரிசி போகும், குடிசையும் போகும்.

(இது பரவாயில்லை. இருக்கட்டும்.)

3

"நீ போய்ட்டு வாடி. தலையதான எண்றாங்க? என் தலை இருக்குது" என்றாள் லூர்துமேரி.

"பிடிபட்டா உங்களுக்கும் கரைச்சல் அக்கா."

அதற்கு லூர்துமேரி சொன்ன பதிலை எந்தப் பத்திரிகையும் போடாது.

(அகதி அட்டையில் படம் இருக்குமே என்று கேட்கும் வாசகருக்கு: இருந்தது. அதனால்தான் தலை எண்ண வரும் அதிகாரியின் மூக்குக்கண்ணாடியை இரண்டாம் வரைவில் உடைத்தேன்.)

4

தவராணி மண்டபத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். தலை எண்ணும் நாளில் அவள் இடத்தில் லூர்துமேரி முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். அரிசி போடுவதும் அன்றுதான். இரண்டு ஆட்கள் அரிசிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தார்கள்.

உப்பளத்தில் எதிரே கூடை எழும்பினால் யாரும் யோசிப்பதில்லை. தலையைக் கொடுக்கவேண்டும், நடக்கவேண்டும், கொட்டவேண்டும். லூர்துமேரி தலையைக் கொடுத்தாள். அவர்களும் ஏதோ நினைப்பில் ஏற்றிவிட்டார்கள். விறுவிறுவென்று மணல்மேட்டில் ஏறி, அத்தனை அரிசியையும் கொட்டி, சிதறியதைக் காலால் ஒதுக்கிவிட்டு, அடுத்த கூடைக்கு வந்து குனிந்து நின்றாள்.

முகாமே முறத்தோடு மேட்டுக்கு ஓடியது. வரிசை என்று ஒன்று இல்லை. அதிகாரி கோழிகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார். கணக்கு உதைத்தது. எல்லாரும் இருப்பதாக எழுதச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அவள் யாரென்று அரிசி பொறுக்கிய ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அன்று முகாம் முழுக்கச் சோறு நறநறத்தது.

5

முடிவு அ: அனுமந்தை நிறுத்தத்தில் பஸ் நிற்கிறது. அக்காளும் தங்கையும் கைகோத்து இறங்...

(பொய். புதிதாக வந்தவர்களை அவ்வளவு சீக்கிரம் வெளியே விடமாட்டார்கள்.)

முடிவு ஆ: தவராணி மட்டும் இறங்குகிறாள். அவள் முகத்தில்...

(என்னால் முடியவில்லை.)

லூர்துமேரியிடமே கேட்டேன். தவராணி தனியாகத்தான் இறங்கினாளாம். பசிக்கிறது என்று மட்டும் சொன்னாளாம். இவள் சோறு போட்டாளாம். மறுநாள் இருவரும் உப்பு சுமக்கப் போய்விட்டார்களாம்.

தங்கை என்ன ஆனாள் என்றேன். லூர்துமேரி சிரிப்பை நிறுத்தினாள்.

"நானே இன்னும் கேக்கலைங்க. அவளா சொன்னா கேட்டுக்குவேன். நீங்க எழுதணும்னு நான் போய்க் கேக்கணுமா?"

பேனாவை மூடிவிட்டேன். இருவரும் அதே உப்பளத்தில்தான் இருக்கிறார்கள். முடிவு தெரிந்தே ஆகவேண்டுமென்றால், வாசகரே, நீங்கள் போய்க் கேளுங்கள்.