ஆற்றைப் பார்த்த கதவுகள்

ராஜபாளையத்தில் மரப்பட்டறை வைத்திருந்த அபுபக்கருக்கு அந்த வேலை 1986-ல் வந்தது. செங்கோட்டைக்கு அப்பால், மலை தாண்டி, ஆற்றங்கரையில் ஒரு பழைய படகுத்துறைக் கட்டிடம். பயணிகள் படகுக்குக் காத்திருக்க வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அதை அரசாங்கத்தில் பழையபடியே புதுப்பிக்கிறார்கள். ஆற்றைப் பார்த்த ஐந்து வாசல்களுக்கும் தேக்குக் கதவு வேண்டும், காற்று நுழையும்படி சாய்வாகப் பலகை வைத்து.

கதவுகள் அடுத்த வருடமே தயார். கட்டிடம்தான் தயாராகவில்லை. ரயிலேறிப் போனால் கூரை முடியவில்லை என்றார்கள். அடுத்த தடவை போனபோது தரையில் சிமெண்ட் போட்டு உயர்த்தியிருந்தார்கள். கதவுகளின் அடியைக் குறைக்க வேண்டும் என்றார் புதிதாக வந்திருந்த இன்ஜினியர்.

அபுபக்கரும் தச்சர் பால்பாண்டியும் கீழ்ச்சட்டத்தைக் கழற்றி, அறுத்து, மறுபடி கோத்தார்கள். பட்டறையில் பாதி இடத்தைக் கதவுகளே அடைத்துக்கொண்டிருந்தன. வேறு வேலை எடுக்க முடியவில்லை.

“அந்த வேலைய விட்டுத் தொலைங்க. தூக்கத்துலயும் கதவு, கதவுன்னு பெனாத்துதீங்க,” என்றாள் மனைவி ரஹ்மத் பீவி.

“செஞ்சு முடிச்சாச்சு. மாட்டாம எப்படி விடச் சொல்லுத?”

1989-ல் ஒருவழியாக வரச்சொல்லித் தந்தி வந்தது. லாரியில் ஏற்றிப் போனார்கள். நான்கு கதவுகள் கச்சிதமாகப் பொருந்தின. ஒன்றைச் சாத்திப் பார்த்தார் அபுபக்கர். பலகை இடுக்குகள் வழியே ஆற்றுக் காற்று முகத்தில் பட்டது.

ஐந்தாவது வாசலில் பழைய நிலைச்சட்டம் இருந்தது. அதன் பின்னால் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

“அதிகாரிக்கு உள்ளே ஒரு ரூம் கேட்டாங்க. போன மாசம் அடைச்சோம்,” என்றார் இன்ஜினியர். “இந்தக் கதவைத் திருப்பிக் கொண்டுபோயிருங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“யாருக்கும் தோணலை.”

அபுபக்கர் ஐந்தாவது கதவைத் தூக்கி நிமிர்த்தினார். “பால்பாண்டி, கதவுக் கீல எடு.”

“பாய், பொறத்தால சுவருல்லா இருக்கு?”

“நிலை இருக்குல்லா? மாட்டு.”

இன்ஜினியர் கத்தக் கத்த மாட்டினார்கள். படகுக்கு நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. கூடையோடு வந்த ஒரு பெண் அந்தக் கதவைத் திறந்தாள். செங்கலைக் கண்டு அபுபக்கரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வந்து கதவைச் சாத்தினார்.

“நாலு நல்லா அமைஞ்சிருச்சே, பாய்,” என்றார் பால்பாண்டி லாரியில்.

“வாய மூடிட்டு வா.”