நல்லம்மாளின் அழுகையும் நாலு லட்சம் பேரும்

"பெத்த தாய்க்கே ஒரு வாய் சோறு போடாதவ, எங்கண்ணன் பிள்ளைக்கா பொங்கிப் போடப்போறா?"

திலகாவின் குரல் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது. தன் அண்ணன் கணேஸ்வரனுக்காகத் துளசிக்குப் பரிசம் போட்ட சேலையையும் வளையலையும் திருப்பி வாங்க ராசா டவுனிலிருந்து வந்திருந்தாள். போன மாதம் துளசியை வாய்க்கு வாய் "அண்ணி" என்றவள், இன்று "அவ" என்றாள்.

"யாரைடி சொல்ற? எம் மவ இல்லன்னா நான் எப்பவோ மண்ணுக்குள்ள போயிருப்பேன்," என்று நல்லம்மாள் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"இப்ப அப்படித்தான் சொல்லுவீங்க அத்தே. மகளுக்குப் பயந்து மாத்திப் பேசுவாங்கன்னு பேஸ்புக் படத்துக்குக் கீழயே எழுதியிருக்காங்க லா."

துளசி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோயில் கால்விரல் போன அம்மாவை விட்டு நகராமல் கல்யாண வயதைத் தாண்டியவள். மனைவியைப் பறிகொடுத்து ஒரு பெண் குழந்தையோடு நின்ற கணேஸ்வரன் ஒருவன்தான் "அம்மாவும் நம்மகூடவே இருக்கட்டும்" என்று சொன்ன மாப்பிள்ளை. லோரி ஓட்டுகிறவன், தங்கையை மட்டும் அனுப்பிவிட்டு வராமல் இருந்துவிட்டான். அதிலேயே பாதி சேதி தெரிந்துபோயிற்று.

எல்லாம் பவனேஷால் வந்தது. ஏழை வீடுகளைத் தேடிப்போய் அரிசி மூட்டை கொடுத்து, அதைப் படம் பிடித்து முகநூலில் போடுகிற தர்மவான் அவன். தீபாவளிக்கு முன் கோலா சிலாங்கூர்ப் பக்கம் வந்தவன் இந்தத் தோட்டத்துக்குள்ளும் நுழைந்தான். துளசி அந்நேரம் அம்மாவின் மருந்தை வாங்க டவுனுக்குப் போயிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றான்.

முன்பின் தெரியாதவன் கேட்டால், நன்றாயிருக்கிறேன் என்று யாராவது சொல்வார்களா? கண் பட்டுவிடாதா? "எனக்கு யாருப்பா இருக்கா. பெத்தேன், வளத்தேன், ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க நாதியில்ல" என்று நல்லம்மாள் மூக்கைச் சிந்தினாள். கொசுமருந்து அடிக்க வருகிறவனிடமும் இதே பாட்டைத்தான் பாடுவாள். லயத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். வயிறு நிறைய நிறைய ஒப்பாரியும் நீளும். கேட்கிறவர்கள் "அட போங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

பவனேஷ் டவுனில், வீடமைப்புப் பகுதியில் வளர்ந்த பிள்ளை, லயத்து ஒப்பாரி அறியாதவன். அவன் சிரிக்கவில்லை, கூடவே அழுதான். பிறகு வீட்டுக்குப் போய் அந்த அழுகைக்கு வயலின் சேர்த்தான். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

துளசி அவனைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தாள். பையன் கெட்டவன் இல்லை, சொன்னதும் வந்தான். நல்லம்மாள் பட்டுச்சேலை கட்டி, "எம் மவதான் என்னைக் குளிப்பாட்டி விடுறா, மகராசி" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு வயலின் பொருந்தவில்லை. பார்த்தவர்கள் நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். அதிலும் ஒரு புண்ணியவதி, "பாவம், மிரட்டிப் பேச வைக்கிறார்கள்" என்று எழுதி வைத்தாள்.

பக்கத்து வீட்டுப் புஷ்பாவுக்கும் துளசிக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இங்கே மிளகாய் தாளித்தால் அங்கே தும்மல் கேட்கும். அப்பேர்ப்பட்டவளே, "நாம வேலைக்குப் போன பிறகு உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரு கண்டா" என்று பேச ஆரம்பித்தாள். தட்டில் மீன் இருந்தால், "என்னா துளசி, இன்னிக்கு அம்மாவுக்கு விசேஷமா?" என்று எட்டிப் பார்ப்பாள்.

கணேஸ்வரன் ஒரே ஒருமுறை போன் செய்தான்.

"நான் நம்பல துளசி."

"அப்புறம் என்ன?"

"லோரிப் பட்டறையில எல்லாருமே பாத்துட்டாங்க. எம் மவ பள்ளிக்கூடத்துலயும் பாத்துட்டாங்க. அவகிட்ட வந்து கேக்குறாங்க."

துளசி போனை வைத்துவிட்டாள். சண்டை போடத் தெரியாத பெண் என்று லயத்தில் அவளுக்குப் பெயர். அதையும் இப்போது அமுக்குணித்தனம் என்றார்கள்.

ஆனால் அவளை உடைத்தது இவர்கள் யாரும் இல்லை. ஒரு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வயலின் கேட்டது. நல்லம்மாள் போனைக் கண்ணருகே பிடித்துத் தன்னைத்தானே பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். முதலில் பெருமைக்காகப் பார்க்க ஆரம்பித்தவள்தான். பார்க்கப் பார்க்க அந்தப் படத்துக் கிழவியின் மேல் பாசம் வந்துவிட்டது.

"எம்புட்டுக் கஷ்டம்டி அவளுக்கு," என்றாள்.

"அது நீதாம்மா."

"ஆமா, நாந்தான். உலகத்துக்கே தெரியுது, உனக்குத்தான் தெரியல."

துளசி தட்டை வைத்தாள். நல்லம்மாள் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உப்பைக் குறைத்த, வருஷக்கணக்காகத் தின்ற அதே குழம்பு.

"வேணும்னுதானே இப்படி ஆக்குற," என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

இந்தமுறை அதைக் கேட்க வெளியாள் யாரும் இல்லை. துளசி அடுப்படிக்குத் திரும்பிப்போய், வடித்த கஞ்சி ஆறி ஆடை கட்டும்வரை நின்றுகொண்டேயிருந்தாள். மறுநாள் காலையில், கிள்ளானிலிருக்கும் தன் தம்பி விமலனுக்குப் போன் போட்டாள்.

விமலன் மனைவியோடு முணுமுணுத்துக்கொண்டே வந்து அம்மாவை அழைத்துப்போனான். கணேஸ்வரன் தை மாதம் பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு தையல்காரப் பெண்ணைக் கட்டினான். கல்யாணத்துக்குப் போய்வந்த புஷ்பா ஆட்டுக்கறியைத்தான் அதிகம் புகழ்ந்தாள். துளசி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செரண்டாவில் தொழிற்சாலை வேலைக்குப் போய், நாலு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறாள். அம்மா இருக்கிறாளா என்று அவர்கள் கேட்டதற்கு, இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.