சரணத்தில் ஓடுகிற பிள்ளை

"தம்பி, பொட்டு வெக்க வாங்க. வண்டி வந்துருச்சு" என்று குங்குமத் தட்டோடு வந்து நின்றாள் நாச்சியம்மாள். அருள்குமாருக்கு மூத்த அக்கா. அவர் எழுந்தபோது சட்டைப் பையில் போன் மறுபடி அதிர்ந்தது. அது அவருடைய போன் அல்ல, பத்மாவதியுடையது.

விடியற்காலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பத்மாவதி, ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் போய்விட்டாள். நாற்பத்தெட்டு வயது. சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியாயிற்று. அவளிடம் வயலின் படிக்கும் பத்தொன்பது பிள்ளைகளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியது புருஷன் அருள்குமார் ஒருவருக்குத்தான், அவருக்கோ வாய் வரவில்லை.

"மிஸ், ரெண்டரைக்கு ஸ்டேஜ். மறுபடி அதே எடத்துல தப்பாகுது. கேட்டுட்டு சொல்லுங்க மிஸ், ப்ளீஸ்."

ரித்திகா. பதினொரு வயது. மாவட்டப் போட்டி. கூடவே வாசித்த பதிவு ஒன்று, காலையிலிருந்து ஏழாவது. மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது.

பத்மாவதியின் முறை அது. தினமும் வீட்டில் வாசித்துப் பழகியதைப் பிள்ளைகள் பதிவு செய்து அனுப்ப வேண்டும். தப்பு வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. தப்பின வரியிலேயே உட்கார்ந்து, காலால் தாளம் தட்டி, மெதுவாக ஐந்து தடவை. சாயங்காலம் அருள்குமார் தோசை சுட, அவள் அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் சொல்வாள். பத்து வருடமாக அவரும் கேட்டார். எந்த ராகம் என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பார். துடியலூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரர் அவர். சுமையில்லாத மோட்டார் எந்த நொடியில் வேகமெடுக்கிறது என்பது மட்டும் அந்தக் காதுக்குத் தெரியும்.

"தோ வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் புழக்கடைக் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டார். பதிவைக் கேட்டார். பல்லவி ஒழுங்காகத்தான் போனது. சரணத்துக்குள் நுழைந்ததும் பிள்ளை தாளத்தை முந்தி ஓட்டம் பிடித்தது.

கதவு தட்டப்பட்டது. பத்மாவதியின் அண்ணன் அன்புமணி. "மாப்ள, உள்ள என்னங்க பண்றீங்க? மயானத்துல மூணு மணிக்கு நேரம் குடுத்துருக்கறாங்க."

"க்ளாஸ் புள்ளைங்க மச்சான். இன்னிக்கிப் போட்டி. பதில் சொல்லோணும்."

"எம் பொறந்தவளப் பொணமாப் போட்டுட்டுப் பாட்டா கேக்கறீங்க? செத்துப்போச்சுன்னு சொல்லி வெச்சுப்போடுங்க!"

சொல்லலாம். பொய்யில்லை. தலைக்கு மேல வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஆனால் வெள்ளம் போனது அவர் தலைக்கு மேல். வயலினும் கையுமாக நிற்கும் அந்தப் பிள்ளையை ஏன் அதில் இழுத்துவிட வேண்டும்? நல்லா வாசிக்கிறாய் என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. பத்மாவதி ஒரு நாளும் அப்படிச் சொன்னவளில்லை.

பதிவுப் பொத்தானை அழுத்தி வாய் திறந்தார். கூடத்திலிருந்து ஒப்பாரி உள்ளே வந்து விழுந்தது. அழித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே. மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

கதவைத் திறந்தார். "மச்சான், ரெண்டே நிமிசம் அழுகாம இருக்கச் சொல்லுங்க."

அன்புமணியின் முகம் சிவந்தது. கை ஓங்கிவிடுவார் என்றுதான் அருள்குமார் நினைத்தார். அன்புமணி திரும்பி விடுவிடுவென்று உள்ளே போனார். அங்கே என்ன சொன்னாரோ, வீடு கப்சிப்பென்று அடங்கியது.

"கண்ணு, நான் மிஸ்ஸோட ஊட்டுக்காரர் பேசறேன். மிஸ்ஸால இப்பப் பேச முடியாது சாமி. நீ சரணத்துல ஓடற. அந்த ஒரு வரி மட்டும் வாசி. கால் தட்டு, இப்படி." பிளாஸ்டிக் வாளியை விரலால் தட்டினார். நான்கு தட்டு, மறுபடி நான்கு. "இந்த வேகம் போதும். அஞ்சு தடவ. அப்பறம் வயலினப் பொட்டில வெச்சுப்போட்டுத் தண்ணி குடி. மேடைக்குப் போறவரைக்கும் தொடாத."

அனுப்பியதும் வெளியே வந்து தலையை ஆட்டினார். அழுகை மறுபடி எழுந்தது. பத்மாவதியின் நெற்றியில் பொட்டு வைத்தபோது அவரும் அடக்க மாட்டாமல் வாய்விட்டு அழுதார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் நெரிசல். வண்டிக்குள் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்புமணி முகம் கொடுக்கவே இல்லை. மூன்று மணிக்குச் சற்று முன்பு போன் அதிர்ந்தது. ரித்திகா மேடையில் வாசித்த பதிவு, கூடவே ஒரு செய்தி.

"அங்கிள், நான் ஓடலை! மிஸ்கிட்டப் போட்டுக் காட்டுங்க. மிஸ் பக்கத்துல இருக்காங்களா?"

அருள்குமார் போனை அன்புமணியிடம் நீட்டினார். அவர் படித்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். போனைத் திருப்பித் தந்தார்.

"பக்கத்துலதான் இருக்கறாங்க கண்ணு" என்று சொல்லி அனுப்பினார் அருள்குமார். போனை அவள் தோளருகே வைத்து, பதிவை ஓடவிட்டார்.

பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. சரணம் வருவதற்குள் அன்புமணி எட்டி, வண்டியின் சன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார்.