பதினைந்தடிக்குள் ஓர் உள்ளான்

அந்தப் பல் டாக்டரிடம் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தண்டனை உண்டு. நாற்காலியைச் சாய்த்ததும் கண்ணுக்கு நேரே கூரை. கூரை முழுக்க அவர் எடுத்த பறவைப் படங்கள். சுவரில் மாட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் செய்த ஏற்பாடு அது. வாயில் பஞ்சு இருக்கும்வரை விமரிசனமும் வராது. ஒரே ஒருவர்தான், பஞ்சை எடுத்த கையோடு, "ஏன் டாக்டர், எல்லாமே திரும்பி நிக்குதே, உங்க மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டுவிட்டார்.

டாக்டர் சிரித்து மழுப்பினார். ஆனால் கேள்வி நியாயமானது. ஐந்து வருடமாகச் சேற்றில் தவழ்ந்து அவர் சேர்த்த சொத்து, கடலோரப் பறவைகளின் பின்புறம்தான். வாரம் முழுக்க "ஆ காட்டுங்க" என்றால் ஊரே காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை, கையளவு உள்ளான் ஒன்று முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறது.

பறவை ஆர்வலர் சங்கம் வருடந்தோறும் நூலக மண்டபத்தில் கண்காட்சி வைக்கும். டாக்டர் அனுப்பியது ஒவ்வொரு வருடமும் திரும்பி வந்தது. சங்கச் செயலாளர் தங்கமான மனிதர். மனம் நோகாமல்தான் சொல்வார்: "சேறு பிரமாதமா வந்திருக்கு டாக்டர்."

இந்த வருடம் டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மேஜையில் மனைவி முன்னால் சபதம் போட்டார்.

"இந்தத் தடவையும் நான் எடுத்த படத்தை அவங்க மாட்டலைன்னா, லென்ஸை வித்துடறேன். சத்தியமா."

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "சாட்சிக்கு நான் இருக்கேன்," என்றாள்.

அப்புறம்தான் அவர் அலமாரியில் இருந்த லென்ஸைத் திரும்பிப் பார்த்தார். கைக்குழந்தை கனம் கனக்கும் அந்த லென்ஸைக் குழந்தையைப் போலத்தான் துடைத்துப் படுக்க வைப்பார். அது போனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றே இருக்காது. வீராப்பு பேசும் நாக்கை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய அவருக்குத் தெரியும். பேசுவதற்கு முன்னால் அது ஞாபகம் வருவதில்லை.

படம் அனுப்பக் கடைசி ஞாயிறு வந்தது. மனைவியும் கூடவே வந்தாள், பறவை பார்க்க அல்ல. போன மாதம் டாக்டர் இடுப்புவரை சேற்றில் புதைந்துபோக, நண்டு பிடிக்க வந்தவர்கள் பலகை போட்டு இழுத்து எடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் தனியாகப் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

கேமராவை வாணலியில் உட்கார வைத்தார் டாக்டர். படகு போல அதைச் சேற்றில் தள்ளிக்கொண்டு போகலாம் என்பது அவர் தொழில்நுட்பம்.

"பழைய வாணலிதானே," என்றார், மனைவியின் பார்வையைக் கவனித்து.

"நீங்க எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம்தாங்க அது பழசாச்சு."

அவள் கரை மேட்டில் ஒரு கல்லில் உட்கார்ந்து விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். டாக்டர் மேட்டை ஒட்டியே கீழே குப்புறப் படுத்து, சேற்று நிறப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். கடல் ஏற ஏறப் பறவைகள் கரைப் பக்கம் ஒதுங்கும். அதற்குத்தான் இந்த இடம். சின்ன லென்ஸை வீட்டிலேயே விட்டு வந்திருந்தார். கிட்டத்தில் எந்தப் பறவையும் வராது என்பது அவருடைய அனுபவம்.

அன்று வந்தது. ஒரு கல்திருப்பி உள்ளான். கல்லைப் புரட்டிப் புரட்டி அடியில் இருப்பதைத் தின்பது அதன் பிழைப்பு. நேராக அவரைப் பார்த்து நடந்து வந்தது. முகம், அலகு, மார்பின் கறுப்புப் பட்டை, எல்லாமே தெரிந்தன. அப்போதே பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று காத்திருந்தார். அதுவும் மரியாதையாக இன்னும் கொஞ்சம் வந்தது.

திடீரென்று லென்ஸ் முனக ஆரம்பித்தது. பதினைந்தடிக்குள் இருப்பது எதுவும் அந்த லென்ஸுக்குத் தெரியாது. பறவை மங்கலான பழுப்புத் திட்டாக மாறியது. பின்னால் நகர்ந்தால் பறந்துவிடும். சட்டைக்குள் கடல் தண்ணீர் புகுந்தது. டாக்டர் மூச்சுகூட விடவில்லை.

திட்டு கண்ணிலிருந்து மறைந்தது. அடுத்த கணம் முதுகில் ஏதோ ஏறியது.

தண்ணீர் ஏறிய இடத்தில் நனையாத மேடு அவர் ஒருவர்தான். உள்ளான் அவரைக் கல் என்று முடிவு செய்து, போர்வை ஓரத்தை அலகால் நெம்பிப் பார்த்தது. புரட்ட முடியவில்லை. போகட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டது. எந்தப் பறவையும் தன்னை இவ்வளவு நம்பியதில்லை என்று டாக்டருக்குப் பெருமையாக இருந்தது. கேமராவுக்கு எதிரே வெறும் சேறு இருந்தது. அதுவும் பிரமாதமாகத்தான் இருந்தது.

பறவை போனதும் தட்டுத்தடுமாறி மேட்டில் ஏறினார். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு. ஒண்ணும் கிடைக்கலை," என்றார்.

"எனக்குக் கிடைச்சுதுங்க," என்று அவள் போனை நீட்டினாள்.

பறவையின் முகம். கண்ணில் ஒளிப்பொட்டு. காலடியில் பழுப்பாக ஒரு மேடு, பின்னால் ஏறி வரும் கடல். டாக்டர் வயிற்றெரிச்சலோடு குறை தேடினார். ஒன்றுகூட அகப்படவில்லை. அன்று சாயங்காலம் அவரே அதை மனைவி பெயரில் சங்கத்துக்கு அனுப்பினார். தான் ஒரு பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டார். சேற்று ஈரத்தில் தும்மல் வரும்வரை அந்த நினைப்பு நீடித்தது.

மண்டபத்தில் நட்ட நடு இடம் அந்தப் படத்துக்குத்தான். செயலாளர் சுற்றிலும் நின்றவர்களுக்கு விளக்கினார். "பறவை ஒரு சின்னப் பாறை மேல ஓய்வெடுக்குது, பாருங்க."

"பாறை இல்லீங்க," என்றாள் மனைவி. "எங்க வீட்டுக்காரர்."

மண்டபமே சிரித்தது. டாக்டரும் அசடு வழியச் சிரித்துவிட்டு, அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "சொன்ன சொல் சொல்லுதான். நாளைக்கு லென்ஸை விக்க ஆள் பாக்கறேன்."

"யாருக்கும் குடுக்க வேணாம். எனக்கு வேணும்."

"உனக்கா?"

"ஆமா. போன்ல இறகெல்லாம் சரியா வரலை. வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க இதே மாதிரி படுத்துக்கங்க, நான் மேட்டுல தள்ளி நின்னு எடுக்கறேன். ஆனா கொஞ்சம் இடது பக்கமா படுங்க. உங்க இடுப்புல வெளிச்சமே விழல."

வருகிற ஞாயிறு அவள் காவலுக்காக அல்லாமல், தானாகவே வருகிறாள் என்பது உறைக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் மனது நிறைந்துவிட்டது.

"எவ்வளவு இடது பக்கம்?" என்று கேட்டார் டாக்டர்.