சாக்லேட் பிஸ்கட் வந்த செவ்வாய்க்கிழமை

நாற்காலி போதுமா என்று கூட்ட அறைக்குள் எட்டிப் பார்த்த கிளெனிஸுக்குத் திக்கென்றது. மேசையில் வழக்கமான தகர டப்பாவைக் காணோம். வெள்ளைத் தட்டில் காகித லேஸ் விரித்து, பளபளக்கும் தாள் சுற்றிய சாக்லேட் பிஸ்கட்டுகளை வட்டமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸில் திரைச்சீலை விற்கும் அந்தக் கம்பெனியில் இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. நம் ஆட்கள் மட்டும் என்றால் டப்பாவில் டைஜெஸ்டிவ் என்கிற வெறும் கோதுமை பிஸ்கட். வெள்ளிக்கிழமையானால் நடுவில் கிரீம் வைத்தது. சாக்லேட் பூசியது வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு, அல்லது வெளியே அனுப்பப்போகிறவர்களுக்கு. போன தடவை அது தட்டில் வந்த அன்றுதான் சாயப் பிரிவை இழுத்து மூடினார்கள். வாயில் இனிப்பைப் போட்டுவிட்டு வயிற்றில் அடித்தவர்கள் என்று கிளெனிஸ் இன்றைக்கும் திட்டுவாள்.

கணக்குப் பார்க்கும் கீத்திடமும், ஃபோனில் ஆர்டர் எடுக்கும் ஜெம்மாவிடமும் ஓடிப்போய்ச் சொன்னாள். அந்த ஆபீஸில் மானேஜரை விட்டால் இவர்கள் மூவர்தான்.

கீத் முதலில் நம்பவில்லை. "வேட் அமெரிக்காக்காரன்மா. அவனுக்கு பிஸ்கட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதவன் லேஸ் விரிப்பானா?"

கீத் போய்த் தானும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

ஆனால் அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேட் டென்னசியிலிருந்து மானேஜராக வந்த புதிதில், தன் கையால் சுட்டது என்று சாஸர் அகலத்துக்குக் குக்கி கொண்டுவந்தான். தொட்டால் விரல் பதியும் அளவுக்கு மெத்து. பிஸ்கட் என்றால் டீயில் தோய்க்கத்தானே என்று கீத் அதை உள்ளே விட, அது இடுப்போடு முறிந்து மூழ்கி, டீ கஞ்சியாகிவிட்டது. வேட் அசரவில்லை. நல்ல குக்கி என்றால் அப்படித்தான் இருக்கும், பாலில் தோய்த்துப் பாருங்கள் என்றான். அவன் ஊரில் பிஸ்கட் என்றால் சுடச்சுட உப்பு பன்னாம், காலையில் அதன்மேல் கறிக்குழம்பு ஊற்றித் தின்பார்களாம். மசக்கையில் இருந்த ஜெம்மா அதைக் கேட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தார்கள்.

இன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கூட்டம் மதியத்துக்கு மேல்தான். கிளெனிஸ் ஒரே ஆர்டரை மூன்று தடவை அடித்து மூன்று தடவையும் அழித்தாள். ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், கழுவி வைத்திருந்த கோப்பைகளையே மறுபடி கழுவினாள். ஒரு ஆள் போக வேண்டும் என்றால் யார்? ஜெம்மாவுக்கு இப்போது ஆறாம் மாதம். கீத் வீட்டில் படுத்த படுக்கையாக மனைவி. மிச்சம் இருப்பது அவள்தான். புருஷன் போன பிறகு இந்த ஆபீஸைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எப்போது முடியும் என்று காத்திருக்கிறவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஜெம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் முடிவு பண்ணிவிட்டாள். நாமே முந்திக்கொள்வோம். அப்படிச் சொன்னால் இவர்கள் விடமாட்டார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்பில்தான் தைரியமே வந்தது.

கூட்டத்தில் வேட் மழையைப் பற்றிப் பேசினான், வியாபாரத்தைப் பற்றிப் பேசினான். தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தி, எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஒருவரும் கை நீட்டவில்லை. அவன் மறுபடி நகர்த்தினான். கிளெனிஸால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"சுத்தி வளைக்காதீங்க வேட். ஒருத்தர் போகணும்னா நான் போறேன். இவங்க ரெண்டு பேரையும் விட்ருங்க."

சொல்லிவிட்டு ஜெம்மாவைப் பார்த்தாள். ஜெம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். கிளெனிஸ் கீத்தைப் பார்த்தாள். அவன் நீளமாக ஒரு மூச்சு விட்டான். பிறகு கையை நீட்டி, ஒரு பிஸ்கட்டை எடுத்து, தாளைப் பிரிக்க ஆரம்பித்தான்.

அந்தத் தாள் சரசரப்பதை அவள் முழுக்கக் கேட்டாள்.

வேட் விழித்தான். "போறதா? உங்களை யார் போகச் சொன்னா?"

வசந்த காலத்துக்குப் புதுத் துணி வருகிறது, அதைக் காட்டத்தான் கூப்பிட்டானாம். டப்பாவில் இருப்பதைப் பார்த்தால் தவிடு மாதிரி இருக்கிறது, இதையா மனுஷனுக்குக் கொடுப்பது என்று மனசு கேட்காமல் கடையில் நல்லதாகக் கேட்டு வாங்கினானாம். லேஸும் கடைக்காரி கொடுத்ததுதான்.

கீத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. காலையில் ஆளுக்கு ஆள் வெளிறிப் போனதை ஜெம்மா நடித்துக் காட்டினாள். விஷயம் புரிந்ததும் வேட்டும் சேர்ந்துகொண்டான். கிளெனிஸும் சிரித்தாள், சிரிக்காமல் இருக்க முடியாதே.

"நீ இல்லாம இந்த ஆபீஸ் ஒரு நாள் ஓடுமா?" என்றான் கீத், உதட்டில் சாக்லேட்டோடு.

ஜெம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைப் போக விட்ருவோமா நாங்க?"

கிளெனிஸ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே, கண்ணு."

எல்லோரும் இன்னும் உரக்கச் சிரித்தார்கள்.